மகப்பேறு நிதியுதவி: தகுதி இருந்தும் தவறிப்போவது ஏன்?

பச்சிளங்குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில் காலைச் சுற்றின்போது தாய்மார்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகையினவே. குழந்தையின் எடை கூடியுள்ளதா, பால் போதுமா, மஞ்சள் காமாலை குறைந்துவிட்டதா, வீட்டுக்கு எப்போது அனுப்புவீர்கள் என்பவை அவை. சில மாதங்களுக்கு முன்னர் ஓர் இளந்தாய் வேறொன்று கேட்டார்: "நான் எப்போ டாக்டர் வேலைக்குப் போகலாம்?"

குழந்தை பிறந்து அன்று பன்னிரண்டாம் நாள். எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை. எடை 1,700 கிராம். தாயின் மார்போடு அணைத்து வைத்துக் காக்கும் கங்காரு பராமரிப்பை அப்போதுதான் தொடங்கியிருந்தோம். தாய் ஒரு சிறிய தையல் கூடத்தில் நாட்கூலிக்கு வேலை பார்த்தவர். கணவர் சுமை தூக்கும் தொழிலாளி. குழந்தை பிறந்த நாள் முதல் வார்டுக்கு வெளியிலுள்ள பெஞ்சிலேயே இருந்தார். இருவருக்கும் வருமானம் நின்று இரண்டு வாரங்கள் ஆகியிருந்தன. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், இப்போது வேலையைப் பற்றி நினைக்கவே கூடாது என்று நாங்கள் அறிவுரை கூறினோம். அவர் தலையசைத்தார், பதில் சொல்லவில்லை.

அன்று மாலை எங்கள் செவிலியர் ஒருவர் அவருடைய தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பார்த்தார். பத்தாம் வாரத்திலேயே கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தார். அரசின் மகப்பேறு நிதியுதவியின் முதல் தவணை அவருக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். "அது எங்களுக்கெல்லாம் வராது போலிருக்கு சிஸ்டர்" என்று அவர் விட்டுவிட்டார். விசாரித்தபோது உண்மை தெரிந்தது. பணம் பல மாதங்களுக்கு முன்பே வந்திருந்தது. ஆனால் வந்து சேர்ந்தது, பள்ளியில் படிக்கும்போது கல்வி உதவித்தொகைக்காகப் பிறந்த ஊரில் தொடங்கிய பழைய வங்கிக் கணக்கில். அந்தப் புத்தகம் அவருடைய தாயாரின் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருந்தது.

அவருடைய அடையாளம் வெளிப்படாதவாறு சில விவரங்களை மாற்றி எழுதியுள்ளோம். ஆனால் இந்நிகழ்ச்சி எங்களுக்கு உணர்த்தியது மாறவில்லை. நாங்கள் நிரப்பும் படிவத்தில் தாயின் இரத்த வகைக்கு இடம் உண்டு, குழந்தையின் எடைக்கு இடம் உண்டு, தடுப்பூசிகளுக்கு இடம் உண்டு. வரவேண்டிய உதவித்தொகை வந்ததா என்று கேட்பதற்கு இடம் இல்லை. அதனால் நாங்கள் கேட்டதும் இல்லை. அந்தக் குறையை ஓரளவேனும் நிறைவு செய்யவே இக்கட்டுரை.

மருத்துவர் ஏன் பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்?

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கமான உணவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. நம் நாட்டில் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டோர், அதாவது 52.2 விழுக்காட்டினர், இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21 காலத்தில் நடைபெற்ற தேசிய குடும்பநல ஆய்வு தெரிவிக்கிறது. பிரசவத்திற்குப் பின்னரும் 180 நாள்கள் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளுமாறு நாங்கள் சொல்கிறோம். கீரை, முட்டை, பயறு, பழம் சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறோம். கையில் பணமில்லாத வீட்டில் முதலில் குறைவது தாயின் தட்டுதான் என்பதை எங்கள் அனுபவத்தில் மீண்டும் மீண்டும் கண்டுள்ளோம்.

எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். கங்காரு பராமரிப்பை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இருபதாம் நாள் தையல் இயந்திரத்தின் முன் உட்காரும் தாயால் இதனைச் செய்ய இயலாது. தாய்ப்பால் குறையும், புட்டிப்பால் புகும், வயிற்றுப்போக்கும் நெஞ்சுச்சளியும் தொடரும், குழந்தை மீண்டும் எங்களிடமே வரும். ஆகவே உரிய காலத்தில் கைக்கு வரும் சில ஆயிரம் ரூபாயையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

வரிச் சலுகையா, நேரடி உதவியா?

புதிதாகத் தந்தையானவர்கள் சிலர், குழந்தை பிறந்தால் வருமான வரியில் ஏதேனும் சலுகை உண்டா என்று எங்களிடம் கேட்பதுண்டு. வெளிநாட்டில் உள்ள உறவினர் கூறக் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் குறைந்த வருமானமுள்ள உழைக்கும் பெற்றோருக்கு வரி வழியாக உதவி செய்யும் முறை 1975 முதல் உள்ளது. கட்ட வேண்டிய வரியில் ஒரு தொகையைக் கழித்துக்கொள்வார்கள். வரி கட்டுமளவு வருமானமே இல்லாதவருக்கு அத்தொகை பணமாகவும் கிடைக்கும். ஆனால் அங்கும் அதனைப் பெற, வரிக் கணக்கைத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வரி கட்ட வேண்டியதில்லையே என்று தாக்கல் செய்யாமல் இருந்துவிடுவோர் உரிய தொகையை இழக்கிறார்கள்.

நம் நாட்டில் குழந்தை பிறப்புக்கென அத்தகைய வரிக்கழிவு இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பொதுவாக வரியே வருவதில்லை. எனவே எளிய வருமானமுள்ள பெற்றோர் தேட வேண்டியது வரி அலுவலகத்தில் அன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில். இங்கு உதவி, தாயின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும் தொகையாக அமைந்துள்ளது. ஆயினும் ஒன்று இரு நாடுகளுக்கும் பொது: தகுதி இருந்தால் மட்டும் பணம் தானாக வந்துவிடாது. உரிய நாளில் உரிய இடத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும்.

யாருக்கு உரியது?

தமிழ்நாட்டில் இவ்வுதவி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்ற பெயரில் வழங்கப்படுகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்று, பின்னர் சென்னை சட்டசபையின் துணைத் தலைவராகவும் விளங்கிய மருத்துவர் அவர். 1987இல் தொடங்கிய இத்திட்டத்தின் தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இன்று இதில் 14,000 ரூபாய் பணமாகவும், 4,000 ரூபாய் மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் தரப்படுகிறது.

வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்த, 19 வயது நிறைவடைந்த தாய்மார்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது உரியது. கர்ப்பத்தை 12 வாரங்களுக்குள் பதிவு செய்து, அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதனையும் பிரசவமும் மேற்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாயும், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000 ரூபாயும் வழங்குகிறது. இதில் தகுதிக்கான வழிகள் பல. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக இருப்பது அவற்றில் ஒன்று. வறுமைக் கோட்டு அட்டை, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் குடும்ப அட்டை, நூறு நாள் வேலை அட்டை, அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் அட்டை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று உடையவரும், பட்டியல் இனத்தவரும், பழங்குடியினரும், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உடல் ஊனமுற்றவரும் தகுதி பெறுவர். அரசுப் பணியில் உள்ளவர்களும், வேறு சட்டத்தின்கீழ் இதே வகைப் பயனைப் பெறுபவர்களும் இதில் இடம்பெறார்.

பலர் இவற்றை இரு தனித்தனித் தொகைகள் என்று எண்ணி, ஒன்று மட்டும் வந்தது, மற்றொன்றை யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று வருந்துகிறார்கள். தமிழ்நாட்டில் முதல் குழந்தைக்கான மத்திய அரசுப் பங்கு மாநிலத் திட்டத்தின் தொகைக்குள்ளேயே இணைக்கப்பட்டுள்ளது.

எவ்வளவு, எப்போது?

2024 ஏப்ரல் முதல் பணம் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000 ரூபாய். குழந்தை பிறந்த நான்காம் மாதத்தில் 6,000 ரூபாய். குழந்தையின் ஒன்பதாம் மாதத்தில் 2,000 ரூபாய். ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் கர்ப்ப காலத்திலேயே இருமுறை வழங்கப்படும். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய், குடற்புழு நீக்க மாத்திரை முதலியவை அதில் இருக்கும். அவை தாய் உண்பதற்காகத் தரப்படுபவை. வீட்டிலுள்ளோர் அனைவரும் பகிர்ந்துகொண்டால் தாய்க்கு அதன் பயன் கிட்டாது என்பதைக் குடும்பத்தினர் நினைவில் கொள்ள வேண்டும்.

தவணை மாதங்கள் காரணத்தோடு அமைந்தவை. ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் மூன்றாம் தவணை 14ஆம் வாரத்தில், அதாவது நான்காம் மாதத்தில் போடப்படுகிறது. தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்தவுடன் போடப்படுகிறது. ஆகவே தடுப்பூசி நாள் தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்பதற்காகத் தடுப்பூசியைத் தாங்களாகவே ஒத்திவைக்க வேண்டாம். பிறந்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். ஐயம் இருந்தால் எங்களைக் கேளுங்கள்.

இந்த அட்டவணையில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் உள்ளன. பிரசவமும், அதன் பின்னர் வரும் மிகக் கடினமான வாரங்களும் அந்த இடைவெளிக்குள்ளேயே வருகின்றன. பிரசவத்தின்போது பணம் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்குவோரைப் பார்க்கிறோம். முதல் தவணையில் ஒரு பகுதியையாவது தாயின் பெயரில் ஒதுக்கி வைத்தால் அந்த வாரங்களில் கைகொடுக்கும். பிரசவத்தை ஒட்டி, தகுதியுள்ள ஏழைத் தாய்மார்க்கு ஜனனி சுரக்ஷா திட்டத்தின்கீழ் ஊரகப் பகுதியில் 700 ரூபாயும் நகர்ப்புறத்தில் 600 ரூபாயும் கிடைக்கும். தொகை சிறிது, ஆனால் கேட்டுப் பெற வேண்டியது.

அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, இரத்தம், உணவு, வீடு திரும்ப வாகனம் ஆகிய அனைத்தும் கட்டணமின்றியே வழங்கப்பட வேண்டியவை. நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை இச்சலுகை பொருந்தும்.

தவறிப்போகும் இடங்கள்

எங்கள் வார்டில் உதவித்தொகை கிடைக்காத தாய்மார்களை விசாரித்தபோது, வருமானம் கூடுதல் என்பதால் மறுக்கப்பட்டவர்களை அரிதாகவே கண்டோம். பெரும்பாலோர் தகுதியுள்ளவர்களே. அவர்கள் வழுக்கிய இடங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன.

முதலாவது, பன்னிரண்டு வாரம். மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது என்பது நம் வீடுகளில் பலர் கடைப்பிடிக்கும் வழக்கம். கண்ணேறு படும், கரு நிலைக்காது என்னும் அச்சம். ஆனால் பதிவுக்குரிய காலம் அந்த மூன்று மாதம்தான். ஊராருக்குச் சொல்ல வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போன உடனே பதிவு செய்வது பணத்துக்காக மட்டுமன்று. இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே கண்டறியவும், குழந்தையின் முதுகுத்தண்டு வளர்ச்சிக்கு வேண்டிய ஃபோலிக் அமில மாத்திரையைக் காலத்தில் தொடங்கவும் அதுவே வழி. ஐந்தாம் மாதத்தில் முதன்முறையாக வந்த ஒரு தாயின் மாமியார் எங்களிடம், "நல்லதுக்குன்னுதானம்மா மறைச்சோம்" என்று கண்கலங்கினார். அவரை நாங்கள் குறை கூறவில்லை. முன்னரே எடுத்துச் சொல்லாதது எங்கள் குறை.

இரண்டாவது, தாய்வீடு. கணவர் ஊரில் பதிவு செய்து, வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண்ணின் பெயர் இரண்டு செவிலியர்களின் பொறுப்பிலும் இல்லாமல் போய்விடுவதுண்டு. பிரசவம் ஓர் ஊரில், தடுப்பூசி வேறோர் ஊரில், பதிவேடு மூன்றாவது ஊரில். ஊர் மாறும்போது, புறப்படும் ஊர்ச் செவிலியரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். சென்ற ஊரில் ஒரு வாரத்துக்குள் அங்குள்ள செவிலியரைச் சந்தித்துப் பிக்மி எண்ணைக் கொடுங்கள். பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட அந்த எண் எந்த ஊருக்குச் சென்றாலும் மாறாது. வேலைக்காக ஊர் மாறும் குடும்பங்களுக்கும், செங்கல் சூளையிலும் கட்டடப் பணியிலும் உள்ளவர்களுக்கும் இது மிகவும் பொருந்தும். புதிய எண் வாங்காதீர்கள். பழைய எண்ணையே தொடருங்கள்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. நீங்கள் நகல் கொடுத்த புத்தகத்திலுள்ள கணக்குக்கே பணம் வரும் என்று எண்ணாதீர்கள். ஆதார் வழியாகச் செலுத்தப்படும் உதவித்தொகை, கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தீர்களோ அதற்கே செல்லும். எங்கள் இளந்தாய்க்கு நேர்ந்தது அதுவே. வங்கிக் கிளையில் ஆதாரைக் காட்டி, உதவித்தொகை பெறுவதற்கு எந்தக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது என்று கேளுங்கள். கணக்கு தாயின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவருடையதோ மாமியாருடையதோ பயன்படாது. வங்கிக்குச் செல்ல இயலாதவர்கள் அஞ்சல்காரர் வழியாக வீட்டிலேயே அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கைத் தொடங்கலாம். திருமணத்திற்குப் பின் பெயரின் முதலெழுத்தோ முகவரியோ மாறியிருந்தால் ஆதார், குடும்ப அட்டை, வங்கி மூன்றிலும் ஒரேபோல் உள்ளதா என்று பாருங்கள். ஓர் எழுத்து வேறுபாடும் தடையாகலாம்.

நான்காவது, நமக்குத் தகுதியில்லை என்று தாமே முடிவு செய்துகொள்வது. முன்பு ஒருமுறை கருச்சிதைவு ஏற்பட்டது அல்லது குழந்தை இறந்து பிறந்தது, அப்போதே ஒரு தவணை வாங்கிவிட்டோம், இனி கேட்க முடியாது என்று சில தாய்மார் ஒதுங்கிவிடுகிறார்கள். மத்திய அரசுத் திட்டத்தின் விதிப்படி, அத்தகைய தாய் அடுத்த கர்ப்பத்தில் புதிய பயனாளியாகவே கருதப்படுவார். அந்த இழப்பைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பதை அறிவோம். செவிலியரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

வயது குறைவு என்பதால் பணம் கிடைக்காது, அதனால் பதிவே வேண்டாம் என்று சில குடும்பங்கள் மறைக்கின்றன. இது மிகவும் ஆபத்தானது. பணத்திற்குத்தான் வயது வரம்பு, சிகிச்சைக்கு இல்லை. இளம் வயதுக் கர்ப்பத்தில் இரத்த அழுத்தமும் குறைமாதப் பிரசவமும் கூடுதலாக நேர்கின்றன. அவர்களுக்கே பரிசோதனை அதிகம் தேவை. மூன்றாம் பிரசவத்துக்கும் இதுவே பொருந்தும்.

மாதச் சம்பளம் பெறும் தாய்மார்க்கு

ஆலையிலோ, பின்னலாடை நிறுவனத்திலோ, கடையிலோ, தனியார் அலுவலகத்திலோ பணிபுரியும் தாய்க்கு வேறொரு வழி உள்ளது. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாத தொழிலாளர், இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு உட்பட்ட நிறுவனத்தில் பணிபுரிந்தால், மகப்பேற்றுக்கு 26 வாரங்கள் சராசரி ஊதியம் முழுமையாகக் கிடைக்கும். உயிருடன் இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்தால் 12 வாரங்கள். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாள்களுக்கேனும் பங்களிப்புச் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளதா என்று கர்ப்பம் உறுதியான மாதமே பாருங்கள்.

இ.எஸ்.ஐ. வரம்புக்கு மேல் ஊதியம் பெறுபவர்க்கு, பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனமாயின், 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை நிறுவனமே அளிக்க வேண்டும். பிரசவத்திற்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள்கள் பணிபுரிந்திருந்தால் போதும். கர்ப்பத்தைக் காரணம் காட்டிப் பணிநீக்கம் செய்வது சட்டப்படி குற்றம். தயங்காமல் எழுத்து வடிவில் விண்ணப்பித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்கூலிக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால்தான் அவருக்கு மேலே கூறிய அரசு நிதியுதவி ஒரு நாளும் தவறக் கூடாது என்கிறோம்.

வீடு திரும்பும் முன்

எங்கள் பிரிவிலிருந்து செல்லும் ஒவ்வொரு குடும்பமும் கையில் வைத்திருக்க வேண்டியவை: தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், தாயின் ஆதார், தாயின் பெயரிலுள்ள வங்கிப் புத்தகம், குடும்ப அட்டை, மாறாத ஒரு கைப்பேசி எண். குழந்தையின் பிறப்பு 21 நாள்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யப்படும். பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதிவு செய்யலாம். ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1க்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறந்த தேதிக்கான சான்று இப்பிறப்புச் சான்றிதழே. பெற்றோர் பெயரின் எழுத்துகளை அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். சுகாதாரத் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகப்பேறு பணம் தயாராக உள்ளது, உங்கள் கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று யாரேனும் அழைத்தால் சொல்லாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்கள் செவிலியரை நேரில் கேளுங்கள். பணம் ஏற்கெனவே பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள். இத்திட்டங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் எதுவும் கிடையாது; பணம் கேட்கும் இடைத்தரகர் எவரும் வேண்டியதில்லை. தவணை வராவிடில் முதலில் செவிலியரையும், பின்னர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரையும் அணுகுங்கள். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் விவரம் கேட்கலாம். தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால், பதிவு செய்யும் நாளில் நடப்பு விவரத்தைச் செவிலியரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதினான்காயிரம் ரூபாய் ஒரு குடும்பம் இழந்த கூலியை ஈடுகட்டாது என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் வேலைக்குத் திரும்பும் நாளைச் சில வாரங்கள் தள்ளிப்போட அது உதவும். பச்சிளங்குழந்தையின் வாழ்வில் அந்தச் சில வாரங்கள் மிகப் பெரியவை.

தொடக்கத்தில் கூறிய தாயின் தாயார், பழைய வங்கிப் புத்தகத்தை மறுநாளே பேருந்தில் வந்து கொடுத்தார். ஆறாயிரம் ரூபாய். கணவர் அதில் வாடகை பாக்கியைத் தீர்த்துவிட்டு, மீதியை மனைவியின் சாப்பாட்டுக்கு என்று தனியே எடுத்து வைத்தார். மறுவாரம் வேலைக்கும் சென்றார். தாய் எங்களோடு இன்னும் பதினெட்டு நாள்கள் இருந்தார். வீட்டுக்குச் செல்லும்போது குழந்தையின் எடை 2,150 கிராம். புதிய கணக்கோடு ஆதாரை இணைத்துவிட்டு, நான்காம் மாதத் தடுப்பூசி நாளை அட்டையில் தாமே வட்டமிட்டுக்கொண்டார்.

இப்போது எங்கள் படிவத்தின் கடைசியில் கையால் ஒரு வரி சேர்த்துள்ளோம்: "உதவித்தொகை வந்ததா? எந்தக் கணக்கில்?" நாங்கள் கேட்க மறந்தால் நீங்கள் கேளுங்கள். அது தாயின் உரிமை. கேட்பதில் கூச்சத்துக்கு இடமில்லை.